பிளைவுட் சாய்வு இணைப்பு: நுனி பிய்யாமல் இழைத்த விதம்

8 அடி மரைன் பிளைவுட்டில் (தண்ணீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகை) 14 அடி படகு கட்ட, பலகை முனைகளைச் சாய்வாக இழைத்து ஒட்டவேண்டியிருந்தது. சரிவின் நீளத்துக்கும் பலகையின் தடிமனுக்கும் விகிதம் 8:1, அதாவது 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. சரிவு. எலெக்ட்ரிக் பிளேனரில் (மின்சார இழைப்புளி) வேலை சீக்கிரம் முடியும், ஆனால் மெல்லிய நுனி பிய்ந்துகொண்டே இருந்தது. அடியில் தாங்கல் இல்லாததால் நுனி அதிர்வதுதான் காரணம்.

கழிவுப் பலகை ஒன்றை அடியில் நுனியோடு சமமாக வைத்து, பிளேனர் போகும் வழிக்கு வெளியே கிளாம்ப் போட்டதும் சரியாயிற்று. நான்கு பலகைகளை 48 மி.மீ. தள்ளித் தள்ளிப் படிக்கட்டாக அடுக்கினால் ஒரே வீச்சில் இழைக்கலாம். வெட்டு ஆழம் 1 மி.மீ., முடிவில் அரை மி.மீ.க்கும் கீழே. பிளைவுட்டின் அடுக்குகளுக்கு இடையே தெரியும் பசைக்கோடுகளே அளவுகோல்: கோடு வளைந்தால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. கடைசி நேர்த்திவேலை கை இழைப்புளிக்குத்தான், மெஷினை நம்பாதீர்கள்.

ஸ்விட்சை விட்டபின்னும் பிளேடு சுற்றும், நிற்கும்வரை கீழே வைக்கக்கூடாது. ஒயர் தோளுக்குப் பின்னால் கிடக்கட்டும். தொளதொளப்பான கையுறை வேண்டவே வேண்டாம்.

சிங்கப்பூர் சூட்டில், இணைப்பை ஒட்டும் எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து செய்யும் பசை) கப்பிலேயே புகைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். கிளாம்பை முறுக்கித் தள்ளினால் பசையெல்லாம் வெளியேறி இணைப்பு வறண்டுபோகும்; ஓரத்தில் லேசாகக் கசிந்தால் போதும்.