ஏழு கைகள்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 38 பேர். எதைக் கேட்டாலும் உயர்பவை அதே ஏழு கைகள். மற்றவர்களுக்குக் கணக்கு வராது என்றே நினைத்திருந்தேன். பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். கேள்வியை அவர்கள் மனதுக்குள் புரட்டுவதற்குள் முன்வரிசை பதிலைச் சொல்லிவிடும்.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஒரு நொடியளவே காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். நான் ஐந்துவரை எண்ணினேன். முதல் வாரம் அந்த மௌனம் எனக்கே தாங்கவில்லை.

பிறகு கை தூக்குவதையே நிறுத்தினேன். பக்கத்தில் இருப்பவரிடம் எந்த மொழியிலும் பேசலாம். அதன்பின் டப்பாவிலிருந்து பெயர்ச்சீட்டு எடுப்பேன். எடுத்த சீட்டு டப்பாவுக்கே திரும்ப வேண்டும். இல்லையேல் பெயர் வந்தவன் அன்றைக்கு விடுதலை!

விகிதப் பாடத்தன்று, அப்பாவோடு மாங்காய் மண்டிக்குப் போகும் கடைசிப் பெஞ்சுப் பையன், பழமும் கழிவும் பிரிக்கும் கணக்கைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடித்தான். மூன்று பெண்கள் இன்னும் வாய் திறப்பதில்லை. அவர்கள் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்கள்.