காய்ச்சல் போனது, இருமல் போகவில்லை

ஐப்பசி மழையோடு வந்த ஃபுளூ என்னைப் படுக்கையில் தள்ளிவிட்டது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி. கண்ணைத் திருப்பினால்கூட நோவு. டாக்டர் பாராசிட்டமாலும் ஓய்வும் போதும் என்றார். ஆன்டிபயாடிக் கேட்டதற்கு, அது வைரஸை ஒன்றும் செய்யாது என்று மறுத்துவிட்டார். ஃபுளூ வைரஸுக்கு எதிரான ஓசல்டாமிவிர் மாத்திரையை, அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன். முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்களுக்கு அது முக்கியம்.

காய்ச்சல் பொதுவாக 3, 4 நாளில் இறங்கிவிடும். பிறகுதான் சோதனையே. மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இருமலும் அசதியும் 2 வாரத்துக்கு மேலும் இழுக்கலாம். உப்புப் போட்ட நொய்க்கஞ்சி, மிளகு ரசம், பகலிலும் தூக்கம் என்று ஓட்டினேன். (அத்தை சொன்ன கஷாயப் பட்டியலை மரியாதையாகக் கேட்டுக்கொண்டதோடு சரி.) மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகே அலுவலகம் போனேன், அதுவும் அரை நாள்தான்.

இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறி இருமல் கடுமையானாலோ, மூச்சு வாங்கினாலோ நிமோனியாவாக இருக்கலாம். அப்போது கஞ்சியை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது; உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.