சாய்ஸ் ஃபில்லிங்குக்கு வரும்முன் வீட்டில் எழுத வேண்டிய தாள்

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சந்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், அடிக்கடி அடம்பிடிக்கும் ஒரு பிரிண்டர். ஜூன் முடிந்து ஜூலை பிறந்தால், பட்டா சிட்டா எடுக்க வருகிறவர்கள் நடுவே மெடிக்கல் கவுன்சிலிங்குக்காக நாலைந்து குடும்பங்கள் வந்து உட்காரும்.

போன வருஷம் ஒரு அப்பா தக்காளி மண்டியிலிருந்து நேராக வந்தார். சட்டையில் சாறு இன்னும் காயவில்லை. மகள் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சாய்ஸ் லாக் பண்ண, அதாவது சேர விரும்பும் கல்லூரிகளை வரிசையாகப் போட்டு உறுதி பண்ண, ஒண்ணேகால் மணி நேரம்தான் பாக்கி. "எதைம்மா முதல்ல போடறது?" என்று என்னைக் கேட்டார். "ஸ்டான்லி" என்றாள் மகள். "சேலம்" என்றார் அப்பா. ஸ்பீக்கரில் இருந்த தாய்மாமன், "தர்மபுரியே போதும் மாப்ள, வீட்டுச் சோறு சாப்பிடட்டும்" என்றார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்தரை வருஷப் படிப்பை மூன்று பேர் சத்தம் போட்டு முடிவு பண்ணினார்கள், நான் டைப் அடித்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்கப்புறம் கடைக்கு ஒரு சட்டம் போட்டேன்: கல்லூரிப் பெயர்களை வரிசையாக எழுதிய தாள் இல்லாமல் வந்தால் மவுஸைத் தொட மாட்டேன்.

அந்தத் தாளை எப்படித் தயார் பண்ணுவது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் மார்க்கை ஓரமாக வையுங்கள். "போன வருஷம் இத்தனை மார்க்குக்கு தர்மபுரி கிடைச்சுதாமே" என்று டீக்கடையில் கேட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 2024ல் திருத்தி வெளியிட்ட நீட் முடிவிலேயே 17 பேர் 720க்கு 720. 2025ல் நாட்டில் முதலிடம் எடுத்தவருக்கே 686தான். கேள்வித்தாள் கடினமானால் எல்லோருக்கும் சேர்ந்துதான் மார்க் இறங்கும். அதனால் ஒரு வருஷ மார்க்கை இன்னொரு வருஷத்து மார்க்கோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஒப்பிட வேண்டியது மாநில ரேங்க்கை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மாநில மருத்துவச் சேர்க்கைத் தேர்வுக் குழு வெளியிடும் ரேங்க் லிஸ்டில் உங்கள் பிள்ளைக்கு இரண்டு எண் இருக்கும்: பொது ரேங்க், சமூகப் பிரிவு ரேங்க். 69 சதவீத இட ஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம் பொதுப் பிரிவு. லிஸ்டில் இந்த 31 சதவீதத்தை ஓசி என்று எழுதியிருந்தால் அது வேறு யாருக்கோ உள்ள இடம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எல்லோருக்கும் பொது, பொது ரேங்க் முன்னால் இருந்தால் எந்தப் பிரிவுப் பிள்ளைக்கும் அதில் இடம் கிடைக்கும்.

அப்புறம் போன வருஷத்து அலாட்மென்ட் லிஸ்ட் பிடிஎஃப்பைத் திறந்து, ஒவ்வொரு கல்லூரியிலும் உங்கள் பிரிவில் கடைசியாக உள்ளே போன ரேங்க் எது என்று பாருங்கள். அலுப்பான வேலைதான், அரை நாள் ஆகும். பிள்ளையையே பண்ணச் சொல்லுங்கள். ரிசல்ட்டுக்கும் கவுன்சிலிங்குக்கும் நடுவில் போனை நிமிஷத்துக்கு ஒரு தடவை தேய்த்துக்கொண்டிருக்கும் கைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

சர்டிபிகேட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, ஓட வேண்டியதுதான். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதற்கான சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று. ஓசூர் பக்கம் கர்நாடகத்தில் ரெண்டு வருஷம் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இந்த ஆறு முதல் பன்னிரண்டு கணக்கில்தான் மாட்டுகிறார்கள். பெயரில் இனிஷியல் ஒரு சான்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் இப்போதே தாலுகா ஆபீஸுக்கு நடையைக் கட்டுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020ல் வந்த சட்டம். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பள்ளிக்கூடப் பெயர்ப் பலகையில் "அரசு உதவி பெறும்" என்று இருந்ததைக் கவனிக்காமல் ஒரு அம்மா என் கடைக்கு வந்து, விஷயம் தெரிந்ததும் பேச்சு மூச்சில்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் தனியார் கல்லூரியாக இருந்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதனால் அந்தப் பிள்ளைகள் பணத்துக்குப் பயந்து தனியார் பெயரைத் தாளிலிருந்து அடிக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்குத் தெரியாதது. அப்பாவோ அம்மாவோ ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்து சம்பளத்தில் தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், ஈஎஸ்ஐ மருத்துவக் கல்லூரிகளில் காப்பீடு உள்ள தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. சென்னை கே.கே. நகரில் அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது. அதற்கான சான்றை ஈஎஸ்ஐ இணையதளத்தில் எடுத்து, டெல்லியில் மத்திய அரசு நடத்தும் எம்சிசி (மெடிக்கல் கவுன்சிலிங் கமிட்டி) கவுன்சிலிங் வழியாகப் போக வேண்டும்.

எம்சிசி என்றதும் வரும் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கதவு இரண்டு. அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீடு, அதை நடத்துவது எம்சிசி. மீதியை நம் தேர்வுக் குழு நடத்துகிறது. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அகில இந்தியக் கதவில் நம் பிசி, எம்பிசி பிள்ளைகள் ஓபிசி 27 சதவீதத்தில் வருவார்கள், ஆனால் அதற்கு மத்திய அரசு படிவத்தில் ஓபிசி சான்று தனியாக வேண்டும். சாதிச் சான்று இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். எம்சிசியில் முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விட்டால் நஷ்டம் இல்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விட்டால் கட்டிய டெபாசிட், அதாவது பொதுப் பிரிவுக்கு 10,000, ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 5,000, போய்விடும். அதற்கு மேல் சுற்றுகளில் விதி இன்னும் இறுகும். அந்த வருஷத்துத் தகவல் புத்தகத்தைப் படிக்காமல் மூன்றாம் சுற்றுக்குள் கால் வைக்காதீர்கள்.

இப்போது தாளுக்கு வருகிறேன்.

ஒரு கோடு போட்ட நோட்டில் பக்கத்தை நாலு பத்தியாகப் பிரியுங்கள். கல்லூரி, போன வருஷக் கடைசி ரேங்க், வருஷத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, வீட்டிலிருந்து போய்வர ஆகும் நேரம். நாலாவது பத்தியை எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி கிளம்பிக் காலையில் வந்து சேர முடியுமா என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008லிருந்து இருக்கிறது, 100 இடம். கிருஷ்ணகிரி புதுசு, ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில், 150 இடம். 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த பதினொரு கல்லூரிகளில் ஒன்று. சேலம் மோகன் குமாரமங்கலம் 1986லிருந்து. "பழசுதான் நல்லது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பழைய கல்லூரியில் மேல்படிப்பு இடங்கள் அதிகம், சீனியர்கள் இருப்பார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. அதே சீனியர்கள்தான் வார்டில் வேலையையும் செய்வார்கள், இளையவர்கள் கைக்கு வேலை குறைவாகத்தான் வரும். பயிற்சி மருத்துவராக தர்மபுரியில் இருந்த ஒரு பையன், ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது, தொப்பூர் கணவாய் விபத்து கேஸ்களிலேயே கை பழகிவிட்டது என்றான். எங்கள் ஜில்லாத் தண்ணீரில் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தானே வந்தது. பழுப்புப் பல்லும் வளைந்த காலும் படத்தில் பார்ப்பதற்குப் பதில் வரிசையில் வந்து நிற்கும். படிக்கிற பிள்ளைக்கு அதுவும் ஒரு கணக்கு.

கட்டிடத்தைப் பார்த்து மயங்காமல் நேரில் போய்ப் பாருங்கள். காத்திருக்கும் நாட்களில் இதைச் செய்யலாம், பஸ் கட்டணம்தான் செலவு. காலை ஒன்பது மணிக்குப் புறநோயாளிகள் சீட்டு வாங்கும் இடத்தில் நின்று வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். ஹாஸ்டல் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று கேளுங்கள். சேலத்தில் கல்லூரி ஸ்டீல் பிளாண்ட் ரோட்டில், ஆஸ்பத்திரி ஊருக்குள். அந்தத் தக்காளிக்காரர் மகள் கடைசியில் சேலத்தில்தான் சேர்ந்தாள், அங்கே போன பிறகுதான் அவளுக்கு இது தெரியும். முதல் பருவத்தில் கேண்டீனில் கெட்ட தோசையைத் தவிர வேறு குறை இல்லை என்று சொன்னாள், ஆனால் முன்னாலேயே தெரிந்திருக்கலாம் இல்லையா? மூன்றாம் வருஷ மாணவர் யாரையாவது பிடித்து, "மெஸ் பில் எவ்வளவு வரும், ராத்திரி லைப்ரரி எத்தனை மணி வரைக்கும்" என்று கேளுங்கள். "காலேஜ் எப்படி" என்று கேட்டால் எல்லோரும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

தனியார் கல்லூரி அரசு ஒதுக்கீடு என்றால் மூன்றாவது பத்தி முக்கியம். கட்டண நிர்ணயக் குழு வைத்த கல்விக் கட்டணமே வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல். அதோடு ஹாஸ்டல், பஸ், மெஸ், "இதர" என்று ஒரு வரி. அந்த "இதர"வைப் பற்றிப் போனில் கேட்டால் ஒரு தொகை, சேரப் போனால் வேறு தொகை என்று ஒரு குடும்பத்துக்கு நடந்தது. எழுத்தில் வாங்குங்கள். கல்விக் கடன் ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாமல் வாங்கலாம். மொத்தப் படிப்புக்கு அது எத்தனை வருஷம் ஓடும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

நாலு பத்தியும் நிரம்பிய பிறகு வரிசை எண் போடுங்கள். கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்து எண் போடாதீர்கள், ஆசைப்பட்ட வரிசையிலேயே போடுங்கள். மேலே ஒரு பெரிய கல்லூரியைப் போட்டதால் கீழே இருப்பது கை நழுவாது. உங்கள் ரேங்க் வரும்போது தாளில் மேலிருந்து எது காலியோ அதைத்தான் கம்ப்யூட்டர் கொடுக்கும். போக மனசே இல்லாத கல்லூரியை மட்டும் எழுதாதீர்கள். கிடைத்துவிடும்.

அது நான் பட்ட பாடம். மாரண்டஅள்ளி பக்கத்துப் பையன் ஒருவனுக்கு முதல் சுற்றிலேயே தர்மபுரி கிடைத்துச் சேர்ந்துவிட்டான். இரண்டாம் சுற்றில் மேம்பாட்டுக்கு, அதாவது கையில் இருப்பதைவிட நல்ல இடத்துக்கு மாற, சாய்ஸ் போட வந்தான். கை பழக்கத்தில், முதல் சுற்றுக்குப் போட்ட பட்டியலையே மறுபடி அடித்து லாக் பண்ணிக் கொடுத்தேன். அதில் தெற்கே தூரத்தில் ஒரு கல்லூரி இருந்தது, அதுவே வந்தது. புது இடம் வந்ததும் தர்மபுரி இடம் தானாக ரத்து. பெயர்தான் மேம்பாடு, அவனுக்கு எது மேல் எது கீழ் என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அவன் அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, பத்து மணி நேர பஸ்ஸுக்கு டிக்கெட் புக் பண்ணித் தரச் சொன்னார். அதனால் மேம்பாட்டுக்கு வரும்போது புதுத் தாள். கையில் இருப்பதைவிட உண்மையாகவே உசத்தி என்று நினைப்பவை மட்டும், ரெண்டாக இருந்தாலும் போதும்.

இன்னொன்று, விண்ணப்பத்தில் போடும் போன் நம்பரும் மெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும். ஒரு வருஷம் அவசரத்துக்கு என் நம்பரைக் கொடுத்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு ஓடிபி கேட்டு ஆறு வீட்டிலிருந்து போன்.

காத்திருக்கும்போது தேதி தள்ளிப்போகும், போய்க்கொண்டே இருக்கும். மாநில அட்டவணை அகில இந்திய அட்டவணையைப் பார்த்து நகர்கிறது, அங்கே நீட்டித்தால் இங்கேயும் நீட்டிப்பார்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் "இறுதிப் பட்டியல்" எதையும் நம்பாதீர்கள். காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தேர்வுக் குழுவின் தளத்தைத் திறந்தால் போதும். 7.5 சதவீதத்துக்கும் சிறப்புப் பிரிவுகளுக்கும் சென்னைக்கு நேரில் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே திரையில் காலியிடம் ஓட ஓட நின்ற இடத்தில் சொல்ல வேண்டும். தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

இடம் கிடைத்து ஆர்டர் வந்துவிட்டால், சேரும் கடைசி நாள் வரைக்கும் தள்ளாதீர்கள். ஒரிஜினல் சான்றுகளைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்று எல்லாவற்றையும் முன்னாலேயே ஸ்கேன் பண்ணி, மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து ஒரு செட்டை வீட்டில் வையுங்கள். கடனுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

சாதாரணமாக ஒன்பது மணிக்குக் கடை திறப்பேன். சாய்ஸ் ஃபில்லிங் நாட்களில் ஏழு மணிக்கே ஷட்டர் மேலே போயிருக்கும், காலையில்தான் சர்வர் சுற்றாது. பிள்ளை, பெற்றவர் ரெண்டு பேரும் வாருங்கள். மாமாவிடம் முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள்.