பழைய சிறுவர் புத்தகங்களை ஐம்பது வயதில் வாசிப்பது எப்படி

எங்கள் அப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் பைண்டராக இருந்தார். வீட்டில் அம்புலிமாமா என்ற சிறுவர் மாத இதழ் பன்னிரண்டு மாதத்துக்குச் சேர்ந்ததும், பொங்கல் லீவில் அவற்றைத் தைத்து, முதுகில் சிவப்புக் காலிகோ துணி ஒட்டி, ஒரே வால்யூமாக்கித் தருவார். முதல் பக்கத்தில் பென்சிலால் கதைகளின் பட்டியலும் எழுதியிருப்பார். 1977இல் இருந்து 1983 வரை இப்படி ஏழு வால்யூம். அப்பா போன பிறகு அவை பரணுக்குப் போய்விட்டன. மூன்று வருடம் முன்பு அம்மாவைத் திருச்சிக்கு என்னோடு அழைத்து வந்தபோது அந்த ஏழையும் இறக்கிக் கொண்டுவந்தேன். இப்போது வங்கியில் கணக்கு முடித்து வந்த பிறகு, தினமும் ராத்திரி அரை மணி நேரம் எனக்கு அதுதான் வாசிப்பு.

“எனக்கும் ஆசைதான், ஆனால் எடுத்தால் பத்து நிமிஷத்தில் சலித்துவிடுகிறது” என்று தெரிந்தவர்கள் பலர் சொல்கிறார்கள். சலிப்பதற்குக் காரணம் புத்தகம் இல்லை, நாம் அதைப் பெரியவர்களின் வேகத்தில் படிக்கிறோம். அந்த வேகத்தைக் குறைக்கக் கொஞ்சம் பழகவேண்டும். நான் பழகியது எப்படி என்று சொல்கிறேன்.

புத்தகத்தைத் தேடப் போகும் முன்பே ஒரு வேலை செய்யுங்கள். ஞாபகத்தில் இருப்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். கதையின் பெயர் மறந்திருக்கும், பரவாயில்லை. படத்தில் என்ன நிறம், பக்கத்தின் எந்த மூலையில் அது இருந்தது, எந்த இடத்தில் பயந்தீர்கள், யார் மடியில் உட்கார்ந்து கேட்டீர்கள், அதை எழுதுங்கள். ஒரு கிணறும், அதன் விளிம்பில் ஒற்றைக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் ராட்சதனும் நாற்பது வருடமாக என் ஞாபகத்தில் இருந்தார்கள். வால்யூமில் அந்தக் கதையைக் கண்டுபிடித்துப் படித்தால், கதையில் கிணறு என்ற வார்த்தையே இல்லை. கிணறு படத்தில்தான் இருந்தது. எழுத்தைவிடப் படத்தைத்தான் அந்த வயதில் அதிகம் வாசித்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. முன்பே எழுதி வைக்காமல் இருந்திருந்தால் இது தெரியவே வந்திருக்காது. புத்தகத்தைத் திறந்த கணமே பழைய ஞாபகத்தின் மேல் புதியது ஏறி உட்கார்ந்துவிடும்.

வீட்டில் புத்தகம் இல்லாதவர்கள் தேடத்தான் வேண்டும். சென்னையில் என்றால் திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைக் கடைகள், கோவையில் உக்கடம் பழைய புத்தகக் கடைகள். கடைக்காரரிடம் “சிறுவர் புத்தகம் இருக்கா?” என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். பூந்தளிர், கோகுலம், முத்து காமிக்ஸ் என்று பெயர் சொல்லி, எந்த வருடம் என்றும் சொல்லிக் கேளுங்கள். சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய கதைகள் பல நல்ல தாளில் மறுபதிப்பாக வந்திருக்கின்றன. சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவின் கதைகளும் மறுபதிப்பில் உண்டு. அந்தக் காலத்தில் மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த புத்தகங்களைத் தேடுகிறவர்கள் நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் விசாரிக்கலாம். 1991க்குப் பிறகு சோவியத்திலிருந்து வரவு நின்றுவிட்டாலும் சில தலைப்புகளை இங்கேயே மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் பழைய இதழ்களைத் தேடுகிறவர்கள் ஒருமுறையாவது போகவேண்டிய இடங்கள். காசு குறைவு என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய சிறுவர் நூல்களை இலவசமாகப் பார்க்கலாம். எனக்கு மட்டும் திரையில் அது ஒட்டவில்லை. விரல் வைத்து வாசிக்கத் தாள் வேண்டியிருக்கிறது.

கையில் கிடைத்ததும் உடனே அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் மற்ற புத்தகங்களுக்கும் பரவும். நான் ஒவ்வொரு வால்யூமையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கக் கவரைத் திறக்கக்கூடாது. திறந்தால் தாளின் மேல் ஈரம் பூக்கும். அப்புறம் மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தூசியைத் தள்ள வேண்டும். ஈரத்துணி வேண்டாம்.

பைண்ட் செய்யாத தனி இதழ் என்றால் முதலில் நடுப்பக்கத்து பின்னைப் பாருங்கள். துரு ஏறியிருந்தால் அது தாளையும் அரித்துக்கொண்டிருக்கும். மழுங்கிய கத்தி முனையால் பின்னின் இரண்டு காலையும் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக எடுத்துவிட்டு, அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூல் கோத்து முடிச்சுப் போடுங்கள். மூன்று துளை இருந்தால் போதும். நடுத்துளையில் தொடங்கி, மேலே போய், கீழே வந்து, திரும்ப நடுவுக்கு வந்து முடியுங்கள். இது அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பத்து வருடத்தில் அது மஞ்சளாகிக் காய்ந்து உதிரும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கித் தங்கிவிடும். எங்கள் 1980 வால்யூமில் அட்டைப்படத்து ராணியின் முகத்தில் அப்படி ஒரு பட்டை இருக்கிறது. அதை இனி எடுக்க முடியாது. மைதாவை நீர்க்கக் காய்ச்சி, ஆறவைத்து, மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கையால் கிழித்து (கத்தரியால் வெட்டினால் ஓரம் தடித்துத் தெரியும்) ஒட்டுங்கள். அதன் மேல் வெண்ணெய்த் தாளை வைத்து, கனமான புத்தகத்தை ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். பூச்சி வராமலிருக்க அப்பா பசையில் மயில்துத்தம் கலப்பார். அது விஷம், வீட்டுச் சமையலறையில் வேண்டாம். நான் அன்றன்றைக்கு இரண்டு ஸ்பூன் அளவுதான் காய்ச்சுகிறேன், மிச்சத்தைக் கொட்டிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் சரிசெய்யவும் வேண்டாம். 1978 வால்யூமில் ஒரு பூதத்தின் படம். அதன் இரண்டு கண்ணும் ஓட்டை. எட்டு வயதில் அது என்னையே பார்க்கிறது என்று பயந்து சேஃப்டி பின்னால் குத்தியது நான்தான். தாளைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தால் இரண்டு புள்ளி வெளிச்சம் வருகிறது. பசையும் டிஷ்யூவும் தயாராக வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக்கு வந்தேன், ஒட்ட மனசு வரவில்லை.

இனி வாசிப்பு.

ஒரு நாளைக்கு ஒரு கதை. அதற்கு மேல் வேண்டாம். மாதம் ஒன்று என்று வந்த இதழ் அது. முப்பது நாள் அதையே திரும்பத் திரும்பப் படித்தோம். பன்னிரண்டு இதழையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தால் எல்லா ராஜாவும் ஒரே ராஜாவாகத் தெரிவார்கள். தொடர்கதை என்றால் “தொடரும்” என்று வந்த இடத்தில் மூடிவிட்டு, அடுத்த பகுதியை ஒரு வாரம் கழித்துத்தான் திறக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பினால் இருக்கிறது என்று தெரிந்தும் காத்திருப்பது முதலில் கஷ்டம். இரண்டாவது வாரம் பஸ்ஸில் நிற்கும்போது, அந்த இளவரசன் குகைக்குள் என்ன ஆனான் என்று மனசு தானாகவே யோசிக்கத் தொடங்கும். சின்ன வயதில் இருந்தது அதுதான்.

எழுத்தைப் படிக்கும் முன் படத்தை இரண்டு நிமிஷம் பாருங்கள். கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன், இரண்டு நிமிஷம் என்பது மிக நீளம். விக்கிரமன் வேதாளம் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருவிய வாள், தோளில் பிணம், சுடுகாடு. ஓவியர் சங்கர் 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் வேலைக்குச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் அந்த ராஜாவை வரைந்தவர். 2020 செப்டம்பரில் அவர் மறைந்தார், அடுத்த வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இத்தனை தடவை பார்த்த படத்தில் போன வருடம்தான் நான் ராஜாவின் காலைப் பார்த்தேன். ஓர் அடி முன்னால், பாதம் அழுத்தமாக ஊன்றியிருக்கிறது. தோளில் கனம் இருக்கிறவன் நடை அது. முகத்தில் களைப்பே இல்லை. களைப்பைச் சங்கர் ராஜாவின் காலில் வைத்திருக்கிறார்.

சத்தம் போட்டுப் படியுங்கள். கேட்க ஆள் இருந்தால் இன்னும் நல்லது. என் அம்மாவுக்கு எழுபத்தொன்பது, கண்புரை முற்றிவிட்டது. நான் படிக்கப் படிக்க நடுவில் புகுந்து பேசுவார். ராஜா வாயைத் திறந்து பதில் சொன்னதும் மௌனம் கலைந்து வேதாளம் பிணத்தோடு மரத்துக்குப் போய்விடும், அது ஒவ்வொரு மாதமும் நடக்கும். ஒவ்வொரு தடவையும் அம்மா, “வாயை மூடிண்டு நடந்தா இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பானேடி” என்பார். சின்ன வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது படிக்கும்போது வேதாளத்தின் நிபந்தனை கண்ணில் படுகிறது: விடை தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். அவனுக்கு வேறு வழியே இல்லை. தெரிந்ததைச் சொன்னால் தூக்கி வந்தது கைவிட்டுப் போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். சொல்லிவிட்டு மறுபடி மரத்துக்கு நடக்கிறான். வடமொழி மூலத்தில் கதைகள் இருபத்தைந்துதான். அம்புலிமாமாவில் அதே சட்டகத்துக்குள் புதுசு புதுசாகக் கதை எழுதி அவனைப் பல வருடம் நடக்கவிட்டார்கள். வேலைக்குப் போய் முப்பது வருடம் ஆனவர்கள் அந்த நடையைப் படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

மனசுக்கு ஒவ்வாத இடங்களும் வரும். கறுப்பாக இருப்பவள் கெட்டவள், மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி, ஏழைக்குக் கடைசியில் ராஜகுமாரியைக் கட்டிக்கொடுப்பதுதான் பரிசு. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். எட்டு வயதில் நமக்குள் என்ன போய் உட்கார்ந்தது என்று தெரிந்துகொள்ள நல்ல இடம் அது. நான் ஒரு துண்டுத் தாளில் எனக்குத் தோன்றியதை எழுதி அங்கேயே செருகி வைக்கிறேன். அதே கதையைக் குழந்தைக்குச் சொல்ல நேர்ந்தால் அந்த இடத்தில் நிறுத்தி, “இது சரியா?” என்று கேட்கிறேன். குழந்தைகள் தயங்காமல் பதில் சொல்கிறார்கள்.

குழந்தைகள் என்றதும் ஒன்று. நமக்குப் பிடித்ததை அவர்கள் கையில் திணிக்க வேண்டாம். என் மகனுக்குப் பத்து வயதில் ஒரு வால்யூமைக் கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டி வைத்துவிட்டான், எனக்கு ஒரு வாரம் வருத்தம். அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு அவன் புத்தகங்கள் இருந்தன. இது நமக்காக நாம் வாசிப்பது. அதனால் ஒளித்துப் படிக்கவும் வேண்டாம். பஸ்ஸில் செய்தித்தாளுக்குள் வைத்துப் படித்த காலம் எனக்கும் இருந்தது. இப்போது அட்டை தெரியத்தான் பிடித்துக்கொள்கிறேன். போன மாதம் பக்கத்து சீட்டுப் பெரியவர், “புகைப்படப் போட்டி கடைசிப் பக்கத்திலே இருக்குமே, பாருங்கம்மா” என்றார். இரண்டு படத்துக்குப் பொருத்தமான தலைப்பு எழுதி அனுப்பவேண்டிய போட்டி அது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை இரண்டு பேரும் தலைப்பு யோசித்துக்கொண்டே வந்தோம்.

1979 வால்யூமில் மட்டும் பதினோரு இதழ்தான். ஆகஸ்ட் மாதத்தை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திரும்பவில்லை. “ஆகஸ்ட் இல்லை” என்று அப்பாவே பட்டியலில் பென்சிலால் எழுதியிருக்கிறார். தொடர்கதையில் ஒரு பகுதி அதோடு போயிற்று. ஜூலையில் கப்பலில் இருந்தவன் செப்டம்பரில் காட்டில் இருக்கிறான். கடைகளில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவரை அந்த இடம் வரும்போது நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, “நீ சொல்லும்மா” என்பேன். அம்மா கப்பலை உடைப்பார். போன தடவை புயலில் உடைந்தது. இந்தத் தடவை திமிங்கிலம்.