ஏப்ரலில் ப்ளஸ் ஒன் படிக்க முடியாது: நீட் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜூனில் கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு என் டியூஷனுக்கு வந்தார். குறுவை நடவு நெருக்கிக்கொண்டிருந்த நேரம். வயலிலிருந்து கால் கழுவிவிட்டு அப்படியே மன்னார்குடி பஸ் ஏறியிருந்தார். "ப்ளஸ் ஒன் போனது போகட்டும் சார். ப்ளஸ் டூவைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா போதும்ல? பப்ளிக் எக்ஸாம் முடிஞ்சதும் ஒரு மாசம் இருக்கே, அதுல ப்ளஸ் ஒன்னைப் பார்த்துக்கலாம்" என்றார். மகளும் தலையாட்டினாள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2015இல் என் அப்பாவிடம் இதே கணக்கைச் சொன்னவன் நான்.

செல்போனைத் தள்ளி வை, நேரத்துக்குத் தூங்கு என்பதெல்லாம் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அதை நான் எழுதப்போவதில்லை. இரண்டு வருஷப் படிப்பைப் பங்கு பிரிப்பதில் நம் பிள்ளைகள் திரும்பத் திரும்ப எங்கே சறுக்குகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ப்ளஸ் ஒன்னை ஏப்ரலுக்குத் தள்ளுவது

நான் படித்தது மேற்கே ஒரு விடுதிப் பள்ளியில். ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் புத்தகம் கொடுத்தார்கள். ஆனால் ஜூலையிலேயே வகுப்பில் ப்ளஸ் டூ நிலைமின்னியல் ஓட ஆரம்பித்துவிட்டது. ப்ளஸ் ஒன் புத்தகக் கட்டு இரண்டு வருஷமும் என் கட்டிலுக்கடியில் கயிறு அவிழாமல் கிடந்தது. அப்போது 1200 மதிப்பெண்தான் எல்லாம், அது முழுக்க ப்ளஸ் டூவில் வருவது. மருத்துவ சீட்டும் அதை வைத்துத்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. நீட்டிலிருந்து விலக்கு வந்துவிடும் என்று கடைசி வரை நம்பினோம். பொதுத்தேர்வு முடிந்ததும் கட்டை அவிழ்த்தேன். 2017 மே 7 அன்று தேர்வு அறையில் சுழற்சி இயக்கம், வெப்ப இயக்கவியல், அலைகள் என்று வந்த கேள்விகளைப் படிக்கத்தான் முடிந்தது, போட முடியவில்லை. அடுத்த வருஷம் வீட்டிலிருந்து மறுபடி எழுதினேன். ப்ளஸ் ஒன்னை முதலிலிருந்து தனியாகக் கற்பதிலேயே பாதி வருஷம் கரைந்தது. சீட் கிடைக்கவில்லை. பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்தேன். கல்லூரியில் இருக்கும்போதே டியூஷன் எடுக்க ஆரம்பித்தவன், இன்றும் எடுக்கிறேன்.

நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடும், குறையும். ஆனாலும் ஏறக்குறைய பாதி ப்ளஸ் ஒன் பாடத்திலிருந்துதான் வருகிறது. இது தெரிந்த பிறகும் ஏன் தள்ளுகிறார்கள்? நம் ஊரில் மார்க் கணக்கில் வராத பாடத்தைப் படிக்க வேண்டாத பாடமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். பள்ளிகள் ப்ளஸ் ஒன்னை நடத்தாமல் தாண்டிப் போகின்றன என்பதால்தான் 2017-18இல் அதற்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2018லேயே அந்த மதிப்பெண் மேல்படிப்புக்குக் கணக்கில் வராது என்று ஆனது. 2025-26 முதல் தேர்வே ரத்து. பிள்ளைகளின் சுமையைக் குறைக்க எடுத்த முடிவு அது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு அறிவிப்பும் வரும்போது "ப்ளஸ் ஒன் முக்கியமில்லை" என்று வீட்டில் புரிந்துகொள்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நீட் வினாத்தாளில் ஒரு ப்ளஸ் ஒன் கேள்வியும் குறையவில்லையே!

அந்த "ஒரு மாசம்" எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். 2025இல் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 25 அன்று முடிந்தது. நீட் மே 4. நடுவில் 39 நாள். நம் பாடநூலில் ப்ளஸ் ஒன் இயற்பியல் 11 அலகு, வேதியியல் 15 அலகு. தாவரவியலும் விலங்கியலும் தனி. மாதிரித் தேர்வு எழுதவும், ப்ளஸ் டூவைத் திருப்பிப் பார்க்கவும் அதே 39 நாள்தான். ஒரு மாதம் பரீட்சை எழுதிக் களைத்த பிள்ளை அது, ஏப்ரல் வெயில் வேறு.

சரி, அந்த 39 நாளில் எப்படியோ படித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இழப்பு தீராது. ப்ளஸ் ஒன் தெரியாமல் படித்த ப்ளஸ் டூவே அரைகுறையாகத்தான் நிற்கும்.

வடுவூரிலிருந்து வரும் ஒரு பையன், பள்ளியில் காந்தவியல் தேர்வில் நல்ல மார்க் வாங்கியவன். அவனைக் கரும்பலகைக்கு அழைத்தேன். ஒரு புரோட்டானும் ஓர் ஆல்ஃபா துகளும் ஒரே இயக்க ஆற்றலோடு, ஒரே காந்தப்புலத்துக்குள் செங்குத்தாக நுழைகின்றன. அவை சுற்றும் வட்டங்களின் ஆரங்களுக்கு என்ன விகிதம்? ஃபார்முலா அவனுக்கு மனப்பாடம்: நிறையை வேகத்தால் பெருக்கி, மின்னூட்டத்தாலும் காந்தப்புலத்தாலும் வகுக்க வேண்டும். ஆல்ஃபாவுக்கு நிறை நான்கு மடங்கு, மின்னூட்டம் இரண்டு மடங்கு. "ஒன்றுக்கு இரண்டு" என்று எழுதிவிட்டு சாக்பீஸை வைத்தான். வேகம் இரண்டுக்கும் ஒன்று என்று அவனாகவே எடுத்துக்கொண்டிருந்தான். ஒன்றாக இருப்பது இயக்க ஆற்றல் அல்லவா? நிறை நான்கு மடங்கானால் வேகம் பாதியாகும். அப்படிப் போட்டால் விடை ஒன்றுக்கு ஒன்று. காந்தவியலில் அவன் தப்பே செய்யவில்லை. அவன் தாண்டி வந்த ப்ளஸ் ஒன் நான்காம் அலகு, வேலை, ஆற்றல், திறன், அங்கேதான் கோளாறு. தேர்வில் "ஒன்றுக்கு இரண்டு" என்பதும் நான்கு விடைகளில் ஒன்றாக நிற்கும். சரியாகப் போட்டால் 4, தப்பாகப் போட்டால் ஒன்று குறையும். ஒரே கேள்வியில் 5 மதிப்பெண் வித்தியாசம்.

ஆகவே இப்போது என் வகுப்பில் ப்ளஸ் ஒன்னைத் தனி மாதம் ஒதுக்கி நடத்துவதில்லை. ப்ளஸ் டூவில் எந்தப் பாடம் ஓடுகிறதோ அதற்கு அடியில் இருக்கும் ப்ளஸ் ஒன் பாடத்தை அந்த வாரமே எடுக்கிறோம். நிலைமின்னியல் தொடங்கினால் ஈர்ப்பியலும் வேலை ஆற்றலும். காந்தவியலுக்கு வட்ட இயக்கம். மாறுதிசை மின்னோட்டத்துக்கு அலைவுகள். மரபியலுக்கு முன் செல் பகுப்பு. மனித இனப்பெருக்கத்தோடு ப்ளஸ் ஒன் விலங்கியலில் ஹார்மோன்கள் வரும் பாடம். எதோடும் ஒட்டாத பாடங்கள் சில உண்டு, உயிரினங்களின் வகைப்பாடு மாதிரி. அவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை.

இதையும் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் முக்கால்வாசி முடித்தாக வேண்டும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையை நம்பித் திட்டம் போடக் கூடாது. மழை பிடித்தால் பள்ளி விடுமுறை, ஊர்ப் பக்கம் பஸ் வராது, கரண்ட் போகும். அப்புறம் அரையாண்டு, பொங்கல், சம்பா அறுப்பு, திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று மார்ச் வந்து நிற்கும். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் 12ஐ என் பிள்ளைகளுக்குக் கெடுவாகச் சொல்லியிருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் ப்ளஸ் ஒன் நோட்டு மறுபடி மேசைக்கு வந்திருக்க வேண்டும்.

ப்ளஸ் ஒன்னில் இருக்கும்போதே ப்ளஸ் டூவுக்குத் தாவுவது

மேலே சொன்ன அதே தவறுதான், ஒரு வருஷம் முன்கூட்டியே.

இரண்டு பாடநூலும் ஒரே வரிசை என்று நம்புவது

வேதியியலில் இது நிறையப் பேரைக் குழப்புகிறது. நம் மாநிலப் பாடநூலில் கரைசல்களும் ஹேலோ ஆல்கேன்களும் ப்ளஸ் ஒன்னில் இருக்கின்றன, மத்திய அரசின் பாடநூலான என்சிஇஆர்டியில் ப்ளஸ் டூவில். அயனிச் சமநிலை நமக்கு ப்ளஸ் டூ, அங்கே ப்ளஸ் ஒன். வெளியிலிருந்து டெஸ்ட் சீரிஸ் வாங்கி "ப்ளஸ் ஒன் முழுப் பாடம்" என்று எழுத உட்கார்ந்த ஒரு மாணவி, நடத்தாத பாடத்தில் கேள்வி வருகிறது என்று அழுதுகொண்டே வந்தாள். தனக்கு மூளை இல்லை என்று நினைத்துவிட்டாள். பாவம், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

இன்னொன்று. 2024 தேர்வுக்காகத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் பாடத்திட்டத்தைத் திருத்தியது. அதில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல் எல்லாம் போய்விட்டன. நம் ப்ளஸ் டூ புத்தகத்தில் அவை இருக்கின்றன, பொதுத்தேர்வுக்கு வேண்டும். அவற்றைப் பொதுத்தேர்வுக்கு எழுதிப் பழகுங்கள், போதும். நீட் படிப்பில் அவற்றுக்காக ஒரு மணி நேரமும் செலவிட வேண்டாம். பாடத்திட்டத்தை அச்செடுத்து, எந்தப் பாடம் எந்த வகுப்புப் புத்தகத்தில் என்று பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலத்து வேலை.

பத்தாவது முடிந்ததும் கோச்சிங்குக்காகப் பள்ளி மாற்றுவது

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மருத்துவ சீட்டில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பத்து வரை அரசுப் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு, ப்ளஸ் ஒன்னுக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்தால் அந்த உரிமை போய்விடும். நகையை அடகு வைத்து இப்படி மாற்றிய ஒரு குடும்பம் கவுன்சலிங் நேரத்தில் என்னிடம் வந்து உட்கார்ந்தது. சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பொதுத்தேர்வை அலட்சியம் செய்வது

மருத்துவ சீட்டுக்குப் பொதுத்தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் வேண்டும். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பொதுத்தேர்வுக்கே கொடுங்கள்.

டெஸ்ட் எழுதிவிட்டு மார்க்கை மட்டும் பார்ப்பது

தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் "11" அல்லது "12" என்று எழுதச் சொல்கிறேன். எந்த வகுப்புப் பாடம் தெரியாததால் தப்பானது என்பதற்கான குறி. வடுவூர்ப் பையன் காந்தவியல் கணக்குக்குப் பக்கத்தில் முதலில் "12" என்றுதான் போட்டான். அப்புறம் யோசித்து அடித்துவிட்டு "11" என்று திருத்தினான். அன்றிலிருந்து அவனுக்கு எதைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தமிழ்வழி மாணவர்கள் ஆங்கிலச் சொல்லைத் தொடாமலிருப்பது

நீட்டைத் தமிழில் எழுதலாம், தாராளமாக எழுதுங்கள். ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்வியே முடிவானது என்பது விதி. தமிழ் வினாத்தாளில் பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும். ஒரு பாடத்துக்கு இருபது முப்பது கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்துவைத்தால், ஒரு வாக்கியம் புரியாதபோது கண்ணைப் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும்.

நாலு கைடு வாங்குவது

ஒன்று போதும். அதை முடியுங்கள்.

ப்ளஸ் ஒன் நோட்டை எடைக்குப் போடுவது

மே மாதம் பழைய பேப்பர்காரர் தெருவில் வரும்போது வீட்டில் அம்மா சுத்தம் செய்வார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கோட்டூர்ப் பெண்ணின் நோட்டுகள் அப்படித்தான் போயிருந்தன. அவளுக்கு முந்தைய வருஷத்து மாணவி ஒருத்தியின் நோட்டை வாங்கிக் கொடுத்தோம். தன் கையெழுத்தாக இருந்தால் இன்னும் வேகமாகப் படித்திருப்பாள்.