பத்தாங்காலியிலிருந்து கேஎல்: எங்கே இறங்குவது, எங்கே மாறுவது

எங்கள் பத்தாங்காலி வட்டாரத் தோட்டங்களிலிருந்து கேஎல் (கோலாலம்பூர்) போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று காரியம்தான் இருக்கும்: பெரிய ஆஸ்பத்திரி, மஸ்ஜித் இந்தியா கடைவீதி, பத்துமலை. எனக்கு வேலை மஸ்ஜித் ஜாமெக் பக்கம். தினமும் ரயிலில் போய் வருகிறவள் என்பதால், லயத்தில் யாருக்கு ஆஸ்பத்திரித் தேதி வந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். "ஏம்மா, எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?" என்பார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை எல்லோருக்கும் ஆகட்டும் என்று எழுதி வைக்கிறேன். ராசா, செரண்டா, கோலகுபு பாரு பக்கம் இருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேஎல் போவதென்றால் கேஎல் செந்த்ரலில்தான் இறங்க வேண்டும் என்று நம்மவர்கள் மனதில் பதிந்துவிட்டது. அது தேவையில்லை. செந்த்ரல்வரை போய், அந்தக் கூட்டத்தில் திணறி, வேறு ரயில் பிடித்து வந்த திசையிலேயே திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. முழங்கால் வலியோடு வருகிற வயதானவர்களுக்கு அந்த நடை பெரிய தண்டனை.

நம் கொமுட்டர், அதாவது கேடிஎம் நிறுவனத்தின் புறநகர் ரயில், தஞ்சோங் மாலிமில் கிளம்பி போர்ட் கிள்ளான் வரை ஓடுகிறது. பத்தாங்காலிக்குப் பிறகு செரண்டா, ரவாங், குவாங், சுங்கை பூலோ, கெப்போங் செந்த்ரல், கெப்போங், செகாம்புட், புத்ரா, பேங்க் நெகாரா, கோலாலம்பூர், கேஎல் செந்த்ரல் என்ற வரிசையில் நிறுத்தம் வரும். 1995-இல் கொமுட்டர் தொடங்கியபோது வடக்கே ரவாங் வரைதான் வந்தது. நம் பக்கம் ரயில் நீண்டது பல வருஷம் கழித்துத்தான். அதனால்தான் வயதானவர்கள் இன்னும் ரவாங்கில் போய் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேண்டாம், இங்கேயே ஏறலாம். ஆனால் ரவாங்குக்கு வடக்கே ரயில் அடிக்கடி கிடையாது. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரியே கேடிஎம் செயலியில் நேரம் பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆஸ்பத்திரி. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிளினிக் பக்கார் (சிறப்பு மருத்துவர் கிளினிக்) தேதி இருந்தால், சுங்கை பூலோவில் இறங்கிவிடுங்கள். அங்கே எம்ஆர்டி என்ற நகர ரயிலின் புத்ராஜெயா தடம் இருக்கிறது. 2022-இல் முதல் பகுதியும் 2023 மார்ச்சில் மீதியும் திறந்தார்கள். அந்தத் தடத்தில் "ஹோஸ்பிடல் கோலாலம்பூர்" என்ற பெயரிலேயே ஒரு நிறுத்தம் உண்டு. ஒரே மாற்றம், அப்புறம் நேரே ஆஸ்பத்திரிதான். இந்தத் தடம் வந்த பிறகும் பழக்கத்தால் செந்த்ரல் போகிறவர்கள் ஏராளம்.

சுங்கை பூலோவில் மாறுவது இப்படி. கொமுட்டர் பிளாட்பாரத்திலிருந்து லிஃப்டிலோ படியிலோ மேலே ஏறுங்கள். கேடிஎம் கேட்டில் கார்டைத் தட்டி வெளியே வாருங்கள். எம்ஆர்டி என்று எழுதிய பலகையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் இன்னொரு கேட் வரிசை வரும். அங்கே மறுபடி தட்டி உள்ளே போக வேண்டும். கேடிஎம் வேறு, எம்ஆர்டி வேறு. ஒன்றில் தட்டியது இன்னொன்றுக்குச் செல்லாது. பிளாட்பாரத்தில் "புத்ராஜெயா செந்த்ரல்" என்று காட்டும் பக்கம் நில்லுங்கள். "குவாசா டாமான்சாரா" என்று இருந்தால் அது எதிர்ப்பக்கம். ரயிலில் ஓட்டுநர் கிடையாது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கதவுக்கு மேலே நிறுத்தங்களின் பெயர் வரிசையாக இருக்கும். ஜாலான் ஈப்போ, செந்தூல் பாராட், தித்திவங்சா, அடுத்தது ஆஸ்பத்திரி. தித்திவங்சா வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து கதவுப் பக்கம் வந்துவிடுங்கள்.

அந்த நிறுத்தம் பூமிக்கு அடியில் இருக்கிறது. எல்லா எம்ஆர்டி நிறுத்தத்திலும் லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலிக்குத் தடையில்லை. மேலே வந்த பிறகு கொஞ்சம் நடை இருக்கிறது, ஆஸ்பத்திரி வளாகமும் பரந்தது. உங்கள் தேதிக் கடிதத்தில் கிளினிக் பெயரும் கட்டடப் பெயரும் போட்டிருப்பார்கள். அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காவலாளியிடம் காட்டிக் கேளுங்கள். வாயால் சொல்வதைவிட அது வேகம். நேரத்தில் ஒரு மணி தாராளமாகக் கூட்டிக் கணக்குப் போடுங்கள். நம்பர் எடுக்க, மாடி தேட, ரத்தம் கொடுக்க எல்லாம் நேரம் பிடிக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் "ஹோஸ்பிடல் சுங்கை பூலோ" என்று இருந்தால் அது வேறு ஆஸ்பத்திரி. சுங்கை பூலோ ஸ்டேஷனில் இறங்கி நடந்து போக முடியாது. பஸ்ஸோ கிராப் வாடகைக் காரோ எடுத்தாக வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி என்றால் செந்த்ரலுக்கு அடுத்த அப்துல்லா ஹுக்கும்வரை போங்கள். அங்கே எல்ஆர்டி என்ற இன்னொரு நகர ரயிலுக்கு மாறி, கெரிஞ்சி தாண்டி, யூனிவர்சிட்டி நிறுத்தத்தில் இறங்கி, பஸ் எடுக்கலாம்.

கார்டு விஷயம். டச் அண்ட் கோ என்ற, காசு போட்டுக் கேட்டில் தட்டும் கார்டு ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே கார்டை வைத்து இரண்டு பேர் கேட்டைத் தாண்ட முடியாது. கொமுட்டர், எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பஸ் எல்லாவற்றுக்கும் அது போதும். ரேபிட் (எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயிலை ஓட்டும் அதே நிறுவனம்) பஸ்ஸில் ரொக்கக் காசு வாங்கமாட்டார்கள், இதை மறக்க வேண்டாம். கிளம்புவதற்கு முன்னால் பத்தாங்காலியிலேயே இருபது வெள்ளியாவது போட்டுக்கொள்ளுங்கள். காலை நேரக் கூட்டத்தில் காசு போதாமல் கேட்டில் நின்றால் பின்னால் வரிசை முழுவதும் நின்றுவிடும். அறுபது வயது தாண்டியவர்களுக்கு ரேபிட்டில் பாதிக் கட்டணம் உண்டு. அதற்குத் தனிக் கார்டு, மைகார்டை (அடையாள அட்டையை) காட்டி எடுக்க வேண்டும். மாதா மாதம் ஆஸ்பத்திரி போகிற தாத்தா பாட்டிகளுக்குப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை இதைச் செய்து கொடுத்துவிட்டால் பெரிய உபகாரம். கேஎல்லில் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு மை50 பாஸ் இருக்கிறது: 50 வெள்ளி, 30 நாள், ரேபிட் ரயிலும் பஸ்ஸும் எத்தனை தடவை வேண்டுமானாலும். கொமுட்டர் அதில் சேராது.

கேஎல் ரயில் வரைபடம் முழுவதையும் படிக்க உட்காராதீர்கள். பால்மரக் காட்டில் எந்த நிரையில் நிற்கிறோம் என்று தெரிந்தால் போதும், காடு முழுவதும் தெரிய வேண்டியதில்லை, அப்படித்தான் இதுவும். உங்கள் காரியத்துக்கு வேண்டிய ஒரு தடம், ஒரு மாறும் இடம், இறங்கும் நிறுத்தம். இந்த மூன்று பெயரை மட்டும் மனப்பாடம் பண்ணுங்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். "கோலாலம்பூர்" என்ற நிறுத்தமும் "கேஎல் செந்த்ரல்" என்ற நிறுத்தமும் வேறு வேறு. முதலில் வருவது 1910-இல் கட்டிய பழைய வெள்ளை ஸ்டேஷன். அறிவிப்பில் கோலாலம்பூர் என்று கேட்டதும் குடும்பத்தோடு குதித்து இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் பாசார் செனி போகவேண்டியவர் என்றால் அது சரியான இடம்தான், நடந்தே போகலாம். செந்த்ரல் போகவேண்டியவர் என்றால் இன்னும் ஒரு நிறுத்தம் உட்காருங்கள். அதேபோல் "கேஎல்சிசி" எல்ஆர்டியில் இருக்கிறது, "பெர்சியாரான் கேஎல்சிசி" எம்ஆர்டியில் இருக்கிறது. இரட்டைக் கோபுரத்துக்கு அடியிலேயே கொண்டுபோய் விடுவது எல்ஆர்டிதான். செந்த்ரலில் மோனோரயில் தேடுகிறவர்கள் நூ செந்த்ரல் பேரங்காடிக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் போகவும் அதே வழிதான். வெளியே வந்தால் ஜாலான் துன் சம்பந்தன்.

துணி எடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது பேங்க் நெகாரா. அங்கே இறங்கி ஆற்றைத் தாண்டி நடந்தால் சோகோ பேரங்காடி, அதை ஒட்டி ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். கடைகளைப் பார்த்துக்கொண்டே கீழே நடந்தால் மஸ்ஜித் இந்தியா வந்துவிடும், கடைசியில் மஸ்ஜித் ஜாமெக். முழுவதும் சமதரை, வழியெல்லாம் நிழலும் சாப்பாட்டுக் கடையும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சனி, ஞாயிறைத் தவிர்த்து, வார நாளில் காலை பத்து மணிக்கு மேல் போய்ச் சேருங்கள். வேலைக்குப் போகிற கூட்டம் வடிந்திருக்கும், கடைக்காரரும் பொறுமையாகப் புடவையை விரித்துக் காட்டுவார். மாலை நாலு மணிக்குள் திரும்பி ரயில் ஏறிவிட்டால் பைகளோடு உட்கார இடம் கிடைக்கும். ஐந்து மணிக்கு மேல் என்றால் நின்றுகொண்டுதான் வர வேண்டும்.

பத்துமலைக்கு இரண்டு வழி. புத்ராவில் இறங்கி பத்து கேவ்ஸ் போகிற கொமுட்டருக்கு மாறலாம். இல்லையென்றால் சுங்கை பூலோவில் எம்ஆர்டி பிடித்து கம்போங் பத்துவில் இறங்கி, அங்கே கொமுட்டர் ஏறலாம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு புத்ராதான் நல்லது: கேட்டைத் தாண்டி வெளியே போக வேண்டியதில்லை, கேடிஎம்முக்குள்ளேயே மாறிவிடலாம். பத்து கேவ்ஸ் ஸ்டேஷன் கோவிலை ஒட்டியே இருக்கிறது. தைப்பூசத்துக்குக் கூடுதல் ரயில் விடுவார்கள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் கார் எடுத்துப் போவதை நினைக்கவே வேண்டாம்.

தெற்கே ஜொகூர், மலாக்கா பஸ் ஏற வேண்டுமானால் புடுராயா இல்லை. அது மாறி வெகுநாளாகிவிட்டது. செந்த்ரலில் இன்னொரு கொமுட்டர் பிடித்து பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கினால் டிபிஎஸ் பஸ் நிலையம் அங்கேயே இருக்கிறது.

கார் பற்றியும் கேட்பார்கள். நோயாளி நடக்கவே முடியாத நிலையில் இருந்தால் கார்தான், அதில் பேச்சே இல்லை. மற்ற எல்லா காரியத்துக்கும் காரை சுங்கை பூலோவரை மட்டும் கொண்டு போங்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் புக்கிட் பெருந்தோங்கில் ஏறி சுங்கை பூலோவில் இறங்கினால், எம்ஆர்டி ஸ்டேஷனிலேயே கார் நிறுத்துமிடம் இருக்கிறது. டோலிலும் ரொக்கம் கிடையாது, கார்டுதான். காலை ஏழு மணிக்கு ஜாலான் கூச்சிங்கில் மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றி, கிளினிக்கில் நம்பர் எடுக்கும்போது வரிசை எங்கோ போயிருக்கும். எரிகிற பெட்ரோலையும் டோலையும் விடுங்கள். காத்திருந்து களைத்த நோயாளியை மறுபடி ஜாமில் உட்கார வைத்துக் கூட்டிவருவதுதான் எனக்கு ஒப்பாதது. சாயங்கால மழை என்றால் இன்னும் மோசம். வெள்ளம் வந்தால் ஸ்மார்ட் சுரங்கச் சாலையையும் கார்களுக்கு மூடிவிடுவார்கள், அந்தக் கூட்டமும் சேர்ந்து மற்ற சாலைகளுக்கு வந்துவிடும்.

தனியாகப் போகிற பெண்களுக்கு: கொமுட்டரில் நடுப் பெட்டி பெண்களுக்கானது. பிளாட்பாரத்தில் இளஞ்சிவப்பு அடையாளம் இருக்கும் இடத்தில் நின்றால் கதவு நேரே வரும். எஸ்கலேட்டரில் இடது பக்கம் நில்லுங்கள், அவசரக்காரர்கள் வலது பக்கம் போவார்கள். குளிர் தாங்காதவர்கள் ஒரு துண்டோ சால்வையோ எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் ஏசி கடுமையாக இருக்கும்.

திரும்பி வருவதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்தினதைக் குறி வையுங்கள். ஏறுவதற்கு முன் பலகையில் "தஞ்சோங் மாலிம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் "தஞ்சோங் மாலிம் கா?" என்று கேளுங்கள், யாரும் கோபப்படமாட்டார்கள். ஒருவேளை நம் ரயில் போய்விட்டது, அடுத்தது வெகுநேரம் என்றால், ரவாங்வரை போகிற வண்டி எது கிடைத்தாலும் ஏறி அங்கே இறங்கிவிடுங்கள். ரவாங்கில் ராத்திரியிலும் கிராப் கிடைக்கும், வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போவதும் சுலபம். அதற்காகவே போனில் சார்ஜ் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் காத்திருக்கும் நேரத்தில் வீடியோ பார்த்தே பாதி பேட்டரி போய்விடும்.