இயற்கையின் கணக்கில் சமுதாயக்கூடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்கையில் காணும் கணித ஒழுங்குகளைப் பின்பற்றிச் சமுதாயக்கூடம் அமைக்க முனையும் பல திட்டங்கள், ஓர் உயிர் எந்தத் தேவைக்காக அந்த வடிவத்தை எடுத்தது என்று கேளாமல் வடிவத்தை மட்டும் பெயர்த்து வருவதாலேயே சறுக்குகின்றன. சில வேளைகளில் அந்த வடிவமேகூடத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கும். நாட்டிலஸ் என்னும் கடலுயிரியின் ஓடு பொன் விகிதச் சுருள் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. பொன் விகிதம் என்பது 1.618-க்கு 1 என்னும் விகிதம்; அந்தச் சுருள் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் 1.618 மடங்கு, அதாவது முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 6.85 மடங்கு விரியும். நாட்டிலஸ் ஓடோ முழுச் சுற்றுக்குச் சுமார் 3 மடங்கே விரிகிறது. கூடத்தின் நீள அகல விகிதத்தை 1.618 என்று வைப்பதில் கேடொன்றும் இல்லை. ஆனால் அதனால் ஒரு துளி மின்சாரமும் மிச்சமாகாது.

சூரியகாந்தி வடிவ இருக்கை அமைப்பு இதைவிடச் சிக்கலானது. ஒவ்வோர் இருக்கையையும் முந்தையதிலிருந்து 137.5 பாகை திருப்பி, மையத்திலிருந்து சிறிது சிறிதாக விலக்கி வைத்துக்கொண்டே போனால், 34, 55 போன்ற ஃபிபனாச்சி எண்ணிக்கையில் (ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டாக வரும் வரிசை) சுருள்கள் தெரியும். இடமும் சீராக நிரம்பும். வரைபடத்தில் இது கொள்ளை அழகு. ஆனால் பூவில் இந்தக் கோணம் பயன்படுவதற்குக் காரணமே, மையத்திலிருந்து விளிம்புவரை எந்தத் திசையிலும் நேரான இடைவெளி விழாமல் விதைகள் நெருங்கி அடைபடுவதுதான். கூட்டம் கூடும் இடத்துக்கு வேண்டியது நேர் எதிரானது: நெருப்புப் பிடித்தால் விளிம்புக்கு ஓட நேர்வழி, சக்கர நாற்காலி திரும்ப அகலம். வழிகளை முதலில் வெட்டிவிட்டு, மீதமுள்ள பகுதிகளில் சுருளை வரைவதே முறை.

கூரைக்கு வந்தால், தேனடையைப் பார்த்து அறுகோணங்களால் குவிமாடத்தை மூட நினைப்பவர்கள் உண்டு. சம பரப்புள்ள அறைகளாகத் தளத்தைப் பிரிக்க மிகக் குறைந்த சுவர் நீளம் அறுகோணத்துக்கே தேவை என்பதை 1999-இல் கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் நிறுவினார். ஆனால் அது தட்டையான பரப்புக்கான முடிவு. அறுகோணங்களை மட்டும் கொண்டு கோளத்தை மூட முடியாது. கால்பந்தில் 20 அறுகோணங்களோடு 12 ஐங்கோணங்களும் இருப்பது அதனால்தான். இதை மறந்தால் ஒவ்வொரு பலகையையும் வெவ்வேறு அளவில் வெட்ட நேரும். வெட்டுக்கழிவும் சென்ட்ரிங் செலவும் ஏறும். சிமெண்ட் உற்பத்தியே உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 8 விழுக்காட்டுக்குக் காரணமாயிருக்க, வளைவுக்காகக் கூடுதல் கான்கிரீட் ஊற்றும் கட்டடத்தை நிலைத்த வடிவமைப்பு என்று அழைப்பது பொருந்தாது. சிட்னி ஓபரா ஹவுஸின் சிப்பி போன்ற கூரை வளைவுகள் தொடக்கத்தில் இப்படித்தான் கட்டுமானத்துக்கு அடங்காமல் இருந்தன. 1961-இல் அவை அனைத்தையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகளாக மாற்றிய பின்னரே, ஒரே வளைவுள்ள பாகங்களைத் திரும்பத் திரும்ப வார்க்க முடிந்தது.

தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் உறுதியான வளைவு கிடைக்கும் என்று ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675-இல் சொல்லிவைத்தார். ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் கௌடி, கயிறுகளில் ஈயக் குண்டுப் பைகளைத் தொங்கவிட்டுத் தம் தேவாலய வடிவைக் கண்டதும் இதே வழியில்தான். அந்தப் பைகள் கூரை தாங்கவேண்டிய பளுவைக் குறித்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். வெறும் சங்கிலிக்கு வரைந்த வளைவின் ஒரு பக்கத்தில் மட்டும் பிற்பாடு சூரியத் தகடுகளை ஏற்றினால், பளுவின் பாதை வளைவை விட்டு விலகிப் போகும்.

என் பார்வையில் மிகுதியும் புறக்கணிக்கப்படுவது ஒலிதான். அரைக்கோளக் கூடத்தின் மையம் தரைமட்டத்தில் விழுகிறது. அங்கே நின்று பேசுபவரின் குரல் நாற்புறமும் மோதி அவர் காதுக்கே குவிந்து திரும்பும், மற்றவர்களுக்குச் சொற்கள் குழம்பும். வளைவைத் தாழ்த்தி, அதன் மையம் தரைக்கு வெகு கீழே போகும்படி அமைப்பது ஒரு தீர்வு. அதோடு எதிர்முழக்கத்தையும், அதாவது பேச்சு நின்ற பின்னும் கூடத்தில் ஒலி நீடிப்பதையும், கணக்கிட வேண்டும். கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் முழக்கம் அடங்கும் நேரம் நொடிகளில் கிடைக்கும் என்பது சபைன் வாய்பாடு. 2,000 கன மீட்டர் கூடத்தில் உறிஞ்சும் பரப்பு 200 சதுர மீட்டர் என்றால் 1.6 நொடி. பேச்சுக்கு இது அதிகம். ஒரு நொடிக்குக் குறைக்க இன்னும் 120 சதுர மீட்டருக்கு மேல் தேவை. இதைக் கட்டி முடித்த பிறகு ஒட்டவைத்தால் வளைவின் அழகும் போகும், பணமும் போகும்.

காற்றோட்டத்துக்குக் கரையான் புற்றை மேற்கோள் காட்டாதவர் குறைவு. ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் வளாகம் அதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி. ஆனால் அது இரவின் குளிர்ந்த காற்றை விசிறிகளால் உள்ளிழுத்து, கனத்த கட்டுமானத்தைக் குளிர்வித்து, பகலில் அந்தக் குளிர்ச்சியைப் பயன்படுத்துகிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரில் இரவுகள் குளிரும்; இரவிலும் புழுக்கம் தணியாத இடத்தில் அதே அமைப்பு வெப்பத்தையே சேமித்துத் தரும். ஓராண்டின் இரவுநேர வெப்பநிலைப் பதிவைப் பார்க்காமல் காற்றுப் போக்கிகளை வரைவது வீண் வேலை.

மழைநீரும் அப்படித்தான். இதழ் இதழாக அடுக்கிய கூரையில் இரண்டு இதழ்கள் சேரும் ஒவ்வொரு பள்ளமும் ஒரு கசிவுக்கான இடம். அங்கே சருகு அள்ள ஆள் ஏறிப்போக வழி உண்டா என்பதை வரைபடத்திலேயே காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.